கோபன்ஹேகன் பிளாங்: தங்கூசி கட்டி அளந்தது

எங்கட உதைபந்தாட்டப் பெடியளின்ர உள்தொடையும் விலாப்பக்கமும் கோபன்ஹேகன் பிளாங்கில எவ்வளவு நேரம் தாங்குது எண்டு அளக்கிற வேலை ஒருவழியாச் சரிவந்திட்டுது. நானும் கழகத்துச் செயலாளர் அண்ணையும் ஒரே பெடியனை ஆளுக்கொரு ஸ்டொப் வோச்சோட பார்த்தம். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் வருது. சரியான சந்தோசம்.

இந்தப் பிளாங் எண்டது, பக்கவாட்டாப் படுத்து, மேல்காலை வாங்கில வைச்சு, கீழ்ப்பக்க முழங்கையை நிலத்தில ஊண்டி, இடுப்பைத் தூக்கி நேராப் பிடிக்கிறது. கரைச்சல், எப்ப நிப்பாட்டுறது எண்டதில. இடுப்பு ஒரேயடியா விழாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். ஒரு விரலளவு இறங்கினோடன ஒருத்தர் நிப்பாட்டுவார். மற்றவர் "இன்னும் நிக்கிறான்தானே" எண்டு விடுவார். பிறகு அந்த நேரத்தை வைச்சு என்ன செய்யிறது?

அதுக்குத்தான் தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் நூல். ஆள் உடம்பை நேராக்கின பிறகு, இடுப்பெலும்புக்கு 3 சென்ரிமீற்றர் கீழ, ரெண்டு கதிரைக்கு நடுவில நூலை இழுத்துக் கட்டி ஒரு சதங்கை மணி கோர்த்திருக்கு. இடுப்பு பட்டா மணி கிலுங்கும்; நேரம் முடிஞ்சுது, வாதாட்டம் இல்லை. தையல் நூல் தொய்யுது. சணலில மணி அசையுதே இல்லை. தங்கூசி விறைப்பா நிக்கும். குருநகர்ப் பக்கம் மீன்பிடிச் சாமான் விக்கிற கடையளில வேண்டின தடிப்பில எடுக்கலாம். மணி நல்லூர்த் திருவிழாக் கடையில வாங்கினது. இடுப்பை முன்னுக்குத் திருப்பித் தப்பப் பாக்கிற ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லுவம், ரெண்டாந்தரம் திருப்பினா நிப்பாட்டுவம்.

வாங்கின்ர உயரமும் மாறக்கூடாது. ஓடாவியார் வேப்பம்பலகையில 40 சென்ரிமீற்றர் உயரத்தில அடிச்சுத் தந்தவர். மேல ஸ்பொஞ்சும் ரெக்சினும். இப்போதைக்கு முழங்காலைத்தான் வாங்கில வைக்கிறம். கணுக்காலை வைச்சா நெம்பு நீளும், உள்தொடையில இழுவை நல்லாக் கூடும்.

கொப்பியில எழுதேக்க ஒண்டு கவனம். வலது முழங்கை நிலத்தில இருந்தா வேலை செய்யிறது வலது விலாவும் இடது உள்தொடையும். அதால வாங்கில இருக்கிற காலின்ர பேரைத்தான் எழுதோணும். எங்கட நடுக்களப் பெடியன் ஒருத்தன் இடது காலில 31 செக்கன், வலதில 44. இது விலாவோ தொடையோ? வாங்கில்லாமல், கால் நிலத்தில இருக்கச் சும்மா சைட் பிளாங் பிடிக்க விட்டம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிண்டான். அப்ப பலவீனம் இடது உள்தொடையில. இந்த ரெண்டாவது சோதனை இல்லாட்டி முதலாவதுக்கு அரைவாசிப் பெறுமதிதான். தோள்மூட்டு களைச்சு விழுந்தவையின்ர நேரத்தைக் கணக்கில எடுக்கிறதில்லை. ஓய்வு குடுத்துத் திருப்பிப் பாக்கிறம்.

சைட் பிளாங்குக்கு முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டுவர்ட் மக்கில் 1999 இல வெளியிட்ட அளவுகள் கைக்கு உதவும்: ஆரோக்கியமான இளம் ஆண்களுக்குச் சராசரி வலது 94, இடது 97 செக்கன், பெண்களுக்கு 72, 77. எங்கட ஆக்களில கனபேர் அதைத் தொடேல்லை. வீதியோரம் ஓடி ஓடி மூச்சை வளர்த்திருக்கிறாங்கள், விலாவை ஒருத்தரும் பாக்கேல்லை.

கவட்டு நோவோட சீசனைப் பாதியில விட்ட பெடியளை நிறையப் பார்த்தாச்சு. நோர்வேயில ஆண் உதைபந்தாட்ட வீரர்களிட்ட செய்து 2019 இல வந்த ஆய்வில, கோபன்ஹேகன் பயிற்சி செய்த அணிகளில கவட்டுப் பிரச்சினை 41 வீதம் குறைஞ்சிருந்தது. இதுக்கு ஒரு வாங்கு போதும், எண்டபடியா செய்யாமல் விட நியாயமே இல்லை. உடம்பு சூடாக்க இனிக் கிளித்தட்டும் விளையாட விடுவம். கோட்டில பக்கவாட்டா ஓடி மறிக்கிறதில உள்தொடைக்கு நல்ல வேலை.

கணுக்கால் கட்டம் தொடங்க முதல், முழங்காலுக்கு நடுவில இரத்த அழுத்தப் பட்டியை வைச்சு நெரிக்கிற சோதனையையும் சேர்க்க யோசனை. பட்டியை மானியில 10 mmHg வரைக்கும் ஊதி வைச்சிட்டு, முழு விசையில நெரிக்கேக்க ஊசி எங்க போகுது எண்டு பாக்கிறது. கையால விசை அளக்கிற மெசின் எங்கட கழகத்துக்குக் கட்டாது. டிஜிட்டல் மானி சரிவராது, அது தானே ஊதித் தானே இறக்கும். வட்ட முகத்தில ஊசி ஓடுற பழைய மானி ஆரிட்டயும் சும்மா கிடந்தாச் சொல்லுங்கோ, நேர வந்து எடுக்கிறன்.