ஹெலிகாப்டர் மட்டும் விட்டுக்கோங்க

1991 வளைகுடா போர்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் குவைத், எரியுற எண்ணெய்க் கிணறு, டிவில லைவ்வா வந்த குண்டுவீச்சுன்னு அதோட நிறுத்திக்குவாங்க. எனக்கு என்னமோ போர் முடிஞ்சப்புறம் வந்த அந்த ஒரு மாசம்தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

பிப்ரவரி 15, இன்னும் குண்டு விழுந்துட்டு இருக்கு, அப்போ அமெரிக்க அதிபரா இருந்த அப்பா புஷ் மைக் முன்னாடி நின்னு, ஈராக் ராணுவமும் மக்களுமா சேர்ந்து அவங்க அதிபர் சதாமை அவங்களே இறக்கி விடணும்னு சொல்றாரு. சிஐஏ பின்னாடி நின்னு நடத்துன ரேடியோவுலயும் இதே பாட்டுதான். கேக்குற ஆளு என்ன நினைப்பான், நாம ஒரு அடி எடுத்து வெச்சா மீதிய அமெரிக்காக்காரன் பாத்துக்குவான்னுதானே நினைப்பான்?

எடுத்து வெச்சாங்க. மார்ச் ஆரம்பத்துல தெற்கு ஈராக்கோட பாஸ்ராவுல கிளர்ச்சி கிளம்புச்சு, குவைத்ல தோத்து திரும்பி வந்த சிப்பாய்ங்களே சேந்துக்கிட்டாங்க, நஜாப், கர்பலான்னு தெற்கு பூரா பத்திக்கிச்சு, வடக்கே குர்து ஆளுங்க சுலைமானியா, எர்பில், கடைசியா கிர்குக் வரைக்கும் புடிச்சாங்க, 18 மாகாணத்துல 14 சதாம் கைய விட்டுப் போயிருச்சு. ஆளு காலின்னே எல்லாரும் நினைச்சாங்க.

இப்ப மார்ச் 3க்கு வாங்க. குவைத் எல்லையோரம் ஈராக்கோட சஃப்வான்ல ஒரு கூடாரம், போர் நிறுத்தப் பேச்சுவார்த்தை. ஈராக் ஜெனரல் சுல்தான் ஹாஷிம், ரோடு பாலம் எல்லாம் நீங்க உடைச்சிட்டீங்க, அதிகாரிங்க போய் வர ஹெலிகாப்டர் மட்டும் பறக்க விடுங்கன்னு கேக்குறாரு. எதிர்ல உக்காந்திருந்த அமெரிக்க ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் சரின்னுட்டாரு, அதுவும் ஆயுதம் மாட்டுன ஹெலிகாப்டரையும் சேத்து! அதே மாசக் கடைசியில ஒரு டிவி பேட்டியில, என்னை ஏமாத்திட்டாங்கன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. சரி, ஏமாந்தீங்க, தெரிஞ்சப்புறமாவது நிறுத்தியிருக்கலாம்ல? விமானம் பறக்கக் கூடாதுன்னு விதி இருந்துச்சு, மார்ச் 20, 22ல பறந்த ரெண்டு ஈராக் விமானத்த சுட்டும் தள்ளுனாங்க. ஆனா ஊருக்கு மேல வந்து மக்களை சுட்ட ஹெலிகாப்டர ஒண்ணும் பண்ணல. தெற்குல கிளர்ச்சிக்காரங்க பக்கத்துலயே முகாம் போட்டிருந்த அமெரிக்கப் படைகிட்ட வந்து, நீங்க புடிச்சு வெச்ச ஈராக் ஆயுதத்தையாவது குடுங்கன்னு கெஞ்சியிருக்காங்க, இல்லைன்னு கைய விரிச்சிட்டாங்க.

ஏன்னா வாஷிங்டனுக்கு வேண்டியது புரட்சி இல்ல, ராணுவத்துக்குள்ள ஒரு தளபதி சதாமை தூக்கிட்டு உக்காரணும், அவ்ளோதான். தெற்குல இருக்குற ஷியா முஸ்லிம்ங்க ஜெயிச்சா அதே ஷியா நாடான ஈரான் கை ஓங்கும், குர்து ஜெயிச்சா, உள்ளயே குர்து ஆளுங்கள வெச்சிருக்குற துருக்கி கோவிச்சுக்கும். இந்தக் கணக்க ரேடியோவுல சொல்லலையே, அதான் என் கடுப்பு. உதவி பண்ண முடியலைன்னா கூட ஒரு மாதிரி ஏத்துக்கலாம், உசுப்பேத்தி விட்டதுக்கு என்ன பதில்?

குர்து மக்களுக்கு இது புதுசும் இல்ல. 1972ல அமெரிக்க அதிபர் நிக்சனும் அவரு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் ஈரான் மன்னர் ஷா கேட்டாருன்னு, ஈராக்கை எதிர்த்துச் சண்டை போட்ட குர்து தலைவர் முல்லா முஸ்தஃபா பர்சானிக்கு ரகசியமா ஆயுதம், பணம் குடுத்தாங்க. 1975 மார்ச் 6, அல்ஜியர்ஸ்ல ஷாவும் சதாமும் எல்லைத் தகராற பேசி முடிச்சுக்கிட்டாங்க, உதவி கட், உடனே ஈராக் ராணுவம் உள்ள வந்துருச்சு. குர்து ஆளுங்க ஜெயிக்கணும்னு யாருமே நினைக்கல, ஈராக்கை அரிச்சுட்டே இருந்தா போதும்னுதான் நினைச்சாங்கன்னு 1976ல லீக் ஆன, உளவு அமைப்புகள விசாரிச்ச அமெரிக்க நாடாளுமன்றக் குழுவான பைக் கமிட்டி அறிக்கையே சொல்லுது. பர்சானி 1979ல செத்ததும் எங்கன்னா, வாஷிங்டன்ல!

1991க்கே வர்றேன். மார்ச் முடியுறதுக்குள்ள கிர்குக் திரும்ப சதாம் கைக்குப் போச்சு, லட்சக்கணக்கான குர்து மக்கள் பனியில மலையேறி துருக்கி, ஈரான் எல்லைக்கு ஓடுனாங்க. அந்தக் காட்சி டிவில வந்தப்புறம்தான் ஏப்ரல்ல வடக்குக்கு சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் வந்துச்சு. தெற்குல கேமராவும் இல்ல, ஒண்ணும் இல்ல, அங்க விமானத் தடை வந்ததே 1992 ஆகஸ்ட்ல, அதுக்குள்ள பல்லாயிரம் பேர் போய்ச் சேந்தாச்சு.

2003ல அமெரிக்கப் படை அதே தெற்கு வழியா உள்ள போனப்ப, ஷியா ஊருங்க எந்திரிச்சு கூட வந்துரும்னு எதிர்பாத்தாங்க. பெருசா யாரும் அசையல, கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தாங்க. சதாம் விழுந்த அடுத்த மாசம், ஹில்லா பக்கத்துல மஹாவில்ல சனங்க மண்ணைத் தோண்ட ஆரம்பிச்சாங்க, எலும்போட சேத்து 1991ல காணாமப் போனவங்களோட அடையாள அட்டை வந்துச்சு.