மடிமேல் கிட்டார், கும்பகோணம்

அக்டோபர் 15, புதன்

பார்சல் வந்துவிட்டது. தந்தி மேல் நகர்த்த உருட்டுப் பார் என்கிற எஃகு உருளை ஒன்று, கழுத்து முனையில் தந்தியை உயர்த்தும் நட் ஒன்று, மீட்ட விரல் பிக்குகள். பார் நினைத்ததைவிடக் கனம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மற்ற இரண்டும் வழக்கம்போல மரத்துக் கிடக்கின்றன.

அக்டோபர் 16, வியாழன்

இருக்கிற நட் மேல் இதைச் செருகியதும் தந்தியெல்லாம் எழும்பி நின்றுவிட்டது. இனி அழுத்திக் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பியைத் தொட முடியாது, தொடவும் தேவையில்லை. ஃப்ரெட் இனிமேல் வெறும் கோடு. கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டதும் அக்கா வந்து பார்த்தாள். "இப்படி வாசிக்கிறதுன்னா பேசாம வீணையே கத்துக்கலாமேடா."

சுருதிக்கு D முறையை எடுத்துக்கொண்டேன். கனத்த தந்தியிலிருந்து D, A, D, F ஷார்ப், A, D. நம் கணக்கில் ச, ப, ச, க, ப, ச. டோப்ரோ என்கிற உலோகத் தகடு வைத்த கிட்டார்க்காரர்களின் G முறை கேட்க இன்னும் துள்ளலாக இருக்கிறது. ஆனால் அதற்கு A தந்தியை B வரைக்கும் கீழ் E தந்தியை G வரைக்கும் முறுக்க வேண்டும். இந்தக் கிட்டாரின் பிரிட்ஜ், தந்தி கட்டியிருக்கும் கட்டை, ஏற்கெனவே லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. D முறையில் நான்கு தந்திகள் தளர்கின்றன, எதையும் ஏற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையும் முறுக்கும் மனநிலையில் நான் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

குழுவை நடத்தும் அண்ணன் கூப்பிடவில்லை.

அக்டோபர் 18, சனி

காலை முழுக்க இரைச்சல். பாருக்கு முன்னால் ஒலிக்கிற ஒலி நமக்கு வேண்டியது. பாருக்குப் பின்னால், நட் வரை மிச்சமிருக்கும் தந்தித் துண்டும் சேர்ந்து கீச்சிடுகிறது பாருங்கள், அதுதான் தொல்லை. பாப்பா எட்டிப் பார்த்து, "மாமா, பாத்திரம் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டது.

பின்னால் வரும் ஒலியை அடக்குவது மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரிய வேலை. இரண்டும் பாரை ஒட்டி, தந்திகள் மேல் தளர்வாகப் படுத்தபடி கூடவே நகர வேண்டும். அழுத்தக் கூடாது, தூக்கவும் கூடாது. சும்மா கிடந்தால் போதும். சிரிப்பதா என்ன செய்வதா தெரியவில்லை. என் கையில் சும்மா கிடக்க மட்டுமே தெரிந்த இரண்டு விரல்களும் இவைதான்! ஒரே சிக்கல், அவை தந்தியைத் தொட்டனவா இல்லையா என்று எனக்கே தெரிவதில்லை. கீச்சு நின்றால் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். காதை வைத்துத்தான் விரலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி

வெடிச் சத்தத்தில் ஒன்றும் வாசிக்கவில்லை. அண்ணனிடமிருந்து வாழ்த்து வந்தது, எல்லாருக்கும் போன அதே படம். முகூர்த்தக் கச்சேரிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 22, புதன்

காந்தாரம் சரியில்லை.

மூன்றாவது தந்திதான் காந்தாரம். டியூனரில் பச்சை விளக்கு எரிகிறது. ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டினால் உள்ளே எதுவோ துடிக்கிறது. குழுவில் இத்தனை வருடம் அதே F ஷார்ப்பை வாசித்திருக்கிறேன், உறுத்தியதே இல்லை. டிரம்ஸும் கீபோர்டும் போடும் சத்தத்தில் எது உறுத்தும்? இங்கே மழை, நான், ஒரு தந்தி.

மத்தியானம் இப்படிச் செய்து பார்த்தேன். ஆறாவது தந்தியில் நான்காவது ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் விரலை அழுத்தாமல் லேசாக வைத்து, மணி போல ஒலிக்கும் ஹார்மோனிக் எடுத்தால் ஐந்தாவது ஹார்மோனிக் கிடைக்கும், தந்தியைப்போல ஐந்து மடங்கு அதிர்வெண். ஸட்ஜத்திலிருந்தே தானாகப் பிறக்கிற காந்தாரம் அது. மூன்றாவது தந்தியின் பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் அதோடு ஒலிக்க விட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லை. நொடிக்கு ஏறக்குறைய மூன்று துடிப்பு. முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். துடிப்பு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. டியூனரைப் பார்த்தால் 14 சென்ட் குறைவு என்று சிவப்பில் காட்டுகிறது. அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்.

காட்டட்டும். பியானோவுக்காக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டிய கணக்கு அது. வேறு சுருதிக்கு மாற வேண்டியவர்களுக்கு அது தேவை. நான் D-யைவிட்டு எங்கேயும் போகப்போவதில்லை. இப்படிப் பார் வைத்து ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் காந்தாரத்தை இறக்கித்தான் கட்டுகிறார்கள் என்று பிறகு படித்தேன்.

இரவு அடுத்த கவலை. தந்தியை இறக்கிவிட்டேன், சரி. முதல் தந்தியில் அதே காந்தாரம் நான்காவது கோட்டில் வருகிறதே, அதை என்ன செய்வது? பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் சொல்வது, பார் நேராகக் கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்று. 650 மில்லிமீட்டர் தந்தியில் கணக்குப் போட்டால் உண்மையான காந்தாரம் கோட்டிலிருந்து நட் பக்கமாக நாலு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. நாலு மில்லிமீட்டர்!

அக்டோபர் 23, வியாழன்

கோட்டைப் பார்க்காமல் வாசித்தேன். காந்தாரம் தன் இடத்துக்கு வந்தது. பஞ்சமம் ஓடிப்போய்விட்டது.

அக்டோபர் 25, சனி

தூக்கம் இல்லை. முழங்கை மடங்காமல் இருக்கத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கை பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது.

போனில் ஜோசப் கெகுகுவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஹவாயில் ஓவாஹு தீவின் லாயியே ஊர்ப் பையன். 1880களில் ரயில் பாதையோரம் கிடந்த போல்ட் ஒன்றை எடுத்துக் கிட்டார் தந்தியில் இழைத்துப் பார்த்தானாம். அப்புறம் கத்தி முதுகு, சீப்பு, கடைசியில் பள்ளிப் பட்டறையில் உருட்டிச் செய்த எஃகுத் துண்டு. 1904ல் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கிளம்பியவர் ஊர் திரும்பவே இல்லை. 1932ல் நியூ ஜெர்சியில் இறந்தார். 1915ல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க இந்த ஒலிக்குப் பைத்தியம் பிடித்ததை அவர் இருந்து பார்த்திருக்கிறார்.

அவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்று ஒருவர் ஹோனலூலுவில் இப்படி வாசித்தார் என்றும், அவர் இந்தியாவில் பிறந்தவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. நம் ஆட்களுக்கு இது கிடைத்தால் போதும், விமானம் கண்டுபிடித்த கதையோடு சேர்த்துவிடுவார்கள். எனக்கு ரயில் போல்ட்தான் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, இது எனக்கே புதுச் செய்தி. மின் கிட்டார் என்று கடையில் முதலில் நன்றாக ஓடியதே மடியில் வைத்து வாசிப்பதுதான். 1931ல் ஜார்ஜ் பீச்சம் வடிவமைத்தது, ரிக்கன்பேக்கர் கம்பெனி விற்றது, வாணலிச் சட்டி போன்ற அலுமினிய உடல். காப்புரிமை 1937ல்தான் கிடைத்தது. தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கிறோமே, அதெல்லாம் பிறகு வந்தது.

மணி மூன்றரை. சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

திருவிடைமருதூர் போய்வந்தேன், சும்மா. மழை விட்டிருந்தது. சகாராம ராவ் இந்த ஊர்க்காரர். கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர், செம்மங்குடியே இவரிடம் பாடம் கேட்டவர். ஃப்ரெட் கிடையாது, மெட்டு கிடையாது, தந்தி மேல் ஒரு மரக்கட்டை. ஹவாய் பையன் ரயில் போல்ட்டை எடுத்த அதே காலத்தில் காவிரிக் கரையில் ஒருவர் கருங்காலிக் கட்டையை இழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவருக்கு ஒருவரைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அவர் வீடு எது என்று யாரிடமும் கேட்கவில்லை. மகாலிங்க சுவாமி கோவில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு பஸ் ஏறினேன். வரும் வழியில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் கோட்டுவாத்தியப் பதிவைக் கேட்டேன். காந்தாரத்துக்கு எப்படி வருகிறார் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப. அவர் அதில் நிற்பதே இல்லை! கீழிருந்து தொட்டு, ஆட்டி, விலகிவிடுகிறார். நாலு மில்லிமீட்டருக்கு நான் அளவுகோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

தஞ்சாவூர். நரம்புப் பரிசோதனை. முழங்கையில் ஷாக், மணிக்கட்டில் ஷாக். திரையில் கோடு எழுகிறது, கொஞ்சம் தாமதமாக. அத்தான் வெளியே பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாங்க?" என்றார். ரிப்போர்ட் வரட்டும் என்றார்கள் என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

எதற்கு இதெல்லாம். கல்யாண வீட்டில் யார் ஹவாயன் கிட்டார் கேட்கிறார்கள்?

நவம்பர் 5, புதன்

அன்னாபிஷேகம். எல்லாரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். வீடு காலி.

மோகனம். முதல் தந்தியில் திறந்த ஸட்ஜம், இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. ஏழைத் தாண்டினால் முழங்கை மடங்குகிறது, மணிக்கட்டு வரை மின்னுகிறது. அதனால் ஒரு ஸ்தாயி இறங்கி, கீழ்ப் பாதியை நான்காவது தந்தியிலும் மேல் பாதியை இரண்டாவது தந்தியிலும் தேடினேன். அது பஞ்சமம், அதிலேயே இரண்டாவது கோட்டில் தைவதம் இருக்கிறது. கை நீட்டியே இருக்கலாம். மேல் ஸட்ஜம் அதே தந்தியில் ஐந்தாவது கோடு. முழு மோகனமும் ஐந்து கோட்டுக்குள் அடங்கிவிட்டது.

அசைவு எப்படி என்றும் இன்றுதான் பிடிபட்டது. விரலை ஆட்டினால் நடுக்கம் மட்டும்தான். முன்கை முழுவதும் தளர்ந்து பாரை உருட்டாமல் இழுத்துத் தள்ள வேண்டும், அதுவும் ஸ்வரம் பிறந்து சற்றுக் கழித்து. உடனே ஆட்டினால் மலிவாக இருக்கிறது. கொல்கத்தா ஆட்கள் இதில் கெட்டி. 1940களில் ஹவாயன் கிட்டார் வாசிக்கும் டாவ் மோ குடும்பம் அங்கே தங்கி வாசித்ததும் கற்றுக்கொடுத்ததும் சும்மா போகவில்லை. இந்துஸ்தானிக் கலைஞர் பிரிஜ் பூஷண் காப்ரா இதே மாதிரிக் கிட்டாரை மடியில் போட்டு முழு ராகமும் வாசித்தார்.

அத்தான் முதலில் திரும்பிவிட்டார் போல. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "பழைய பாட்டுல எல்லாம் வருமேடா இது. எங்கப்பா ரேடியோல கேட்பாரு." எந்தப் பாட்டு என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. சாப்பிடும்போது ரசத்தைக் கலந்துகொண்டே ஏதோ முனகிக்கொண்டிருந்தார், சுருதி சேராமல்.

நவம்பர் 7, வெள்ளி

அண்ணன் புதுப் பையனை எடுத்துவிட்டார். நல்லா வாசிக்கிறானாம். சொன்னது அண்ணன் இல்லை, டிரம்ஸ்காரன்.

நவம்பர் 8, சனி

வாசித்தேன். வாசித்தேன். பாரைக் கீழே போட்டதில் மொசைக்கில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அக்கா பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

காந்தாரத்தைக் கீழிருந்து வந்து தொட்டால் அளவுகோல் வேண்டாம். ரிஷபத்தில் கிளம்பி, கோட்டுக்கு முன்னாலேயே வேகம் குறைந்து, திறந்த மூன்றாவது தந்தியோடு துடிப்பு அடங்குகிற இடத்தில் நிறுத்திவிடலாம். இரண்டும் சேர்ந்ததும் மரப்பெட்டி தொடையில் அதிர்கிறது. பத்துக்கு ஆறு தடவை வருகிறது என்று எழுத நினைத்தேன். எண்ணவில்லை.

மோதிரவிரலில் இன்று எதுவோ ஊர்ந்தது. நல்லதா கெட்டதா, யாரைக் கேட்பது.

நவம்பர் 11, செவ்வாய்

ரிப்போர்ட் தயார் என்று போன். நாளைக் காலை ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும், அத்தான் லீவு போட்டிருக்கிறார். மூன்றாவது தந்தி துருப்பிடிக்கிறது, தஞ்சாவூரில் கிடைத்தால் வாங்கணும். பாப்பாவுக்குப் பிக் ஒன்று கொடுத்தேன், அது வாயில் போட்டுக்கொண்டது.