பல்லி இல்லை, ஹார்ட் டிஸ்க்

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் லேப்டாப்பின் இடது மூலையில் டிக் டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்து ஸ்கேலால் மேசையைத் தட்டினேன். அம்பாசமுத்திரத்தில் நான் வைத்திருப்பது பத்துக்குப் பத்து டிடிபி கடை, சுவர் முழுக்கப் பல்லிதான். அன்றைக்குப் பழி பல்லிமேல் இல்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் மஞ்சளாக எச்சரிக்கை. டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகளின் (செக்டர்) கணக்கு ஏறியிருந்தது.

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் உட்கார்ந்து நகலெடுத்தேன். கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எழுத்துருக்கள் வராது. அவை சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பத்திரிகையை பாமினி இல்லாத கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் நிற்கும். அதனால் எழுத்துருக்களைத்தான் முதலில் காப்பாற்றினேன்.

அப்புறம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிகளில் எதை வாங்குவது? சென்னையிலிருந்து தம்பி போனில், “யக்கா, என்விஎம்இ வாங்கு, நொடிக்கு 3,500 எம்பி” என்றான். அது மதர்போர்டில் நேரே செருகும் வேகமான எஸ்எஸ்டி. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 2014-இல் வாங்கிய மெஷின்; அதைச் செருக இடமே இல்லை. ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் இரண்டரை அங்குல சாட்டா இடம் மட்டும்தான். அதில் 550-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எனக்கு அதுவே ஜாஸ்தி.

சேரன்மாதேவி வழி பஸ் பிடித்துத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை போனேன். 480 ஜிபி எஸ்எஸ்டி கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்தார். “கிட்டத்தட்ட அதே விலைதான் தங்கச்சி. இடம் ரெண்டு மடங்கு இருக்குல்லா?”

இருக்கிறது. ஆனால் பழைய ஒரு டிபியில் பத்து வருஷத்தில் நான் நிரப்பியது 190 ஜிபி. தவிர, என் தொந்தரவு இடம் இல்லை. நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளைத் திறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முள் நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழல எதுவும் கிடையாது. 480 ஜிபி எஸ்எஸ்டியையே வாங்கினேன். விண்டோஸ் 447 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது. இது தெரியாமல் சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய என்று அண்ணாச்சி சிரித்தார்.

நான் கவனிக்காமல் விட்டது தடிமன். பழையது 9.5 மில்லிமீட்டர், புதியது 7. உள்ளே லொடலொடவென்று ஆடியது. இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் சட்டம் பெட்டியில் இல்லை. மிச்சம் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சட்டம்போல் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்தேன். யாரோ ஒரு ஜோடியின் “நல்வரவு” இப்போது என் லேப்டாப்புக்குள் இருக்கிறது.

விண்டோஸைப் புதிதாகவே ஏற்றினேன். முன்பு ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து வருவேன். இப்போது நாற்காலியை இழுத்து உட்கார்வதற்குள் திரை வந்துவிடுகிறது. டீயை மட்டும் விடவில்லை.

ஒரே ஒரு ஃபோல்டர் நகலாகவில்லை. கல்லிடைக்குறிச்சி ஆச்சி ஒருவர் பேத்தியின் சடங்குக்கு அடிக்கச் சொன்ன பத்திரிகை. நேற்று ப்ரூஃப் பார்க்க வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுருக்குப்பையிலிருந்து தான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டின் இன்னொரு நகலை எடுத்து நீட்டினார்.

“நீ தொலைப்பேன்னு தெரியும்ட்டி.”