மாப்பிள்ளை சுவாமிக்கு ஒரு மாலை

மகளுக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போன சமயத்தில், கல்யாணம் கூடி வந்தால் மாலையோடு வருகிறேன் என்று திருவீழிமிழலை சிவன் கோயில் மாப்பிள்ளை சுவாமியிடம் என் மாமியார் வேண்டிக்கொண்டார். அவன் கைவிடவில்லை. மகள், மருமகனோடு எல்லாருமாகக் கிளம்பினோம்.

பூந்தோட்டம் என்கிற ஊரில் இறங்கி வெயிலில் காத்திருந்தும் பஸ் வரவில்லை. ஆட்டோவில் கேட்ட காசு அநியாயம். முகூர்த்த நாள் வேறு, கோயில் வாசலில் ஒரே நெரிசல். "பரிகார செட் வாங்காம உள்ளே போகாதீங்க" என்று ஒருவர் வழியை மறித்தார். "பரிகாரத்துக்கு வரலைப்பா, நன்றி சொல்ல வந்திருக்கோம்" என்று மாமியார் விடுவிடுவென நடந்துவிட்டார்.

சந்நிதியில் வீழிநாதருக்குக் காட்டிய தீபத்தை குருக்கள் அப்படியே உயர்த்தினார். லிங்கத்துக்குப் பின்னால் அம்மையும் அப்பனும் மணக்கோலத்தில்! அப்புறம் மாப்பிள்ளை சுவாமியான உற்சவர் கல்யாணசுந்தரரின் பாதத்தில் இருந்த பூவை விலக்கிக் காட்டினார். ஆயிரம் தாமரையில் ஒன்று குறைய, திருமால் தன் கண்ணையே பறித்து அர்ச்சித்தாரே, அந்தக் கண் அந்தத் திருவடியில் இருக்கிறது. மாமியாருக்குப் புரை ஆபரேஷன் ஆகியும் பார்வை மங்கல்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர், "தெரியுதும்மா, கண்ணு தெரியுது" என்று என் கையை இறுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டிக்கொள்ள எதுவுமே தோன்றவில்லை.

நடுவில் தூணே இல்லாமல் வளைந்து நிற்கும் வௌவால் நெத்தி மண்டபத்தைக் கட்டியவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் என்னை நகரவிடாமல் செய்தது படிக்காசு பீடம்தான். பஞ்ச காலத்தில் ஊருக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் தினம் காசு வைத்த இடம். சம்பந்தர் காசுக்கு மட்டும் கடைக்காரர்கள் வட்டம், அதாவது மாற்றுக் குறைவென்று கழிவு, பிடித்தார்களாம். அவர் மடத்தில் சமையல் தாமதமாக, வட்டம் இல்லாத காசு கொடு என்று பாடியே கேட்டு வாங்கினார். அடியார் பசிக்காகச் சாமியிடம் அப்படி உரிமையோடு கேட்ட ஊர் இது! இருவரும் தங்கிய மடங்கள் இன்னும் வடக்கு வீதியில் இருக்கின்றன.

மாமியார் சுருக்குப்பையை அவிழ்த்து அன்னதானத்துக்குப் பணம் கட்டச் சொன்னார். சித்திரையில் கல்யாண உற்சவம். அதற்கும் எங்களை அவனே கூப்பிட வேண்டும்.