ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு மெனு போடுங்கள்

"பூமிக்கு நல்லது" என்று அட்டையில் இலைப் படம் போட்டு விற்கும் எதையும் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலான வீடுகளில் சமையல் இதற்குத் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்க்கிறோம், உடனே பட்டியல் போட்டு ஏழெட்டுப் பொருள் வாங்குகிறோம், அதில் பாதி ஒரு கரண்டி அளவுக்குத்தான் தேவைப்படுகிறது, மீதியெல்லாம் காய்கறித் தட்டின் அடியில் போய் வாடி, அழுகி, கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். ஹோட்டல்களையும் கடைகளையும் நாம் சுலபமாகக் குறை சொல்லிவிடுகிறோம், ஆனால் இதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. குப்பை மேட்டில் காற்றுப் படாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளிவிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. அதனால் இலைப் படம் போட்ட அட்டையில் வந்த கேரட்டாகவே இருந்தாலும், சாப்பிடாமல் குப்பைக்குப் போனால் அதில் என்ன புண்ணியம்?

அடுத்தது இந்த "பக்கத்தில் விளைந்ததே உத்தமம்" என்ற பேச்சு. பாதி சரி. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. உணவு எத்தனை தூரம் பயணம் செய்தது என்பதைவிட, அது என்ன உணவு என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று அதிலிருந்து தெரிகிறது. மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் உச்சியில் நிற்கின்றன, பயறு வகைகள் அடியில் இருக்கின்றன. கப்பலில் வந்த பயறு, பக்கத்துப் பண்ணை மாட்டிறைச்சியைவிடப் பூமிக்கு எவ்வளவோ மேல். விமானத்தில் வருவது மட்டும் வேறு கதை, ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுபோகக் கப்பலைப் போல ஏறக்குறைய 50 மடங்கு மாசு. எதெல்லாம் விமானத்தில் வந்திருக்கும் என்று அட்டையில் எழுத மாட்டார்கள். ஆனால் சீக்கிரம் கெட்டுப்போகிற, பருவமே இல்லாத நேரத்தில் தூர தேசத்திலிருந்து வந்து பளபளவென்று உட்கார்ந்திருக்கிற பெர்ரிப் பழங்களைப் பார்த்தால் சந்தேகப்படலாம்.

பருவம் பார்த்து வாங்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் எரிபொருள் எரித்துச் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் விளைந்த தக்காளி, வெயிலில் விளைந்து லாரியில் வந்த தக்காளியைவிட அதிக மாசுக்குக் காரணமாகலாம். இதையெல்லாம் விடுங்கள், ருசியே இருக்காது. தக்காளி மலிந்து கிடக்கும் நாட்களில் நன்றாகப் பழுத்ததாக, கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை என்று நிறைய வாங்கி, நறுக்கி, உப்புப் போட்டு அகலமான பாத்திரத்தில் மூடாமல் சின்னத் தீயில் வைத்துவிடுவேன். முதலில் தண்ணீராக விட்டுக்கொள்ளும், அப்புறம் பெரிய குமிழ்களாகத் தெறிக்கும் (அடுப்புப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்காதீர்கள்), கடைசியில் கரண்டியால் கோடு இழுத்தால் அடி தெரிந்து, கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்கும். அதுதான் பதம். ஆறவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், பருவம் போன பிறகும் வேண்டிய அளவுக்கு ஒன்றிரண்டு கட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் சமையலில் சேர்ந்ததுதான். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி மூன்றும் எத்திலீன் வாயுவை விடும், பக்கத்தில் கீரையை வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பழுக்காத தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும். கேரட்டை இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

இறைச்சி, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. அளவைக் குறைத்து, கொஞ்சம் கூட விலை கொடுத்து, கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையாகப் பார்த்து வாங்கலாம். எலும்பை எறியாமல் சூப் வைக்கலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நெறியைப் பற்றிப் பேசும்போது விலங்குகளோடு நிறுத்திக்கொள்கிறோம், மனிதர்களை மறந்துவிடுகிறோம். உலகின் கோகோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் சுமார் 15 லட்சம் குழந்தைகள் அந்த வேலையில் இருப்பதாக 2020-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தாவர உணவுதான் என்பதற்காக சாக்லேட்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

இறைச்சியைக் குறைக்க நினைத்தால் பயறிலிருந்து ஆரம்பிக்கலாம். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவின் உதவியால் காற்றிலிருக்கும் நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ளும் பயிர் அது. இரவே ஊறவைத்துக் குக்கரில் போட்டால் எரிவாயுவும் மிச்சம். சிவப்பு ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் தின்னக் கூடாது, மெதுவாகச் சூடாகும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடவும் கூடாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும், அப்போதுதான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும்.

வீணாக்கக் கூடாது என்று எதையும் சாப்பிட்டுவிடவும் முடியாது. மீந்த சோற்றில் உயிர்பிழைத்திருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, அறை வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வதக்கிச் சாப்பிடலாம். ராத்திரி முழுக்க மேடையிலேயே கிடந்ததா, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை அரை டம்ளர் அரிசியைக் குறைத்துப் போட்டால் போச்சு.