ஸ்டெம் செல் ஊசிக்கு முன்னால் நாங்கள் வாங்கி வைத்த ஏசியா தாள்

தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் கிடந்தபோது என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது இதைத்தான்: “ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடுமாமே?” பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்தான் ஸ்டெம் செல். அக்காவும் நானும் அந்தச் சிகிச்சையைத் தேடிப் போனோம். கடைசியில் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அதே தவிப்பில் இருக்கும் குடும்பங்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு தனியார் மையம். எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து முதுகில் ஊசி வழியாகச் செலுத்துவார்களாம். நடக்கத் தொடங்கியவர்களின் வீடியோக்களைக் காட்டினார்கள். அக்கா பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இது பதிவு செய்த மருத்துவ ஆய்வா? ஊசி போட்ட பிறகு முன்னேற்றத்தை அளப்பது யார்? அந்த அளவுகளை எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்?” எதற்கும் நேரான பதில் இல்லை. முன்பணம் எப்போது கட்டுவீர்கள் என்பதிலேயே பேச்சு வந்து நின்றது. கிளம்பிவிட்டோம்.

அப்புறம் மறுவாழ்வு மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். “ஸ்டெம் செல்லைப் பிறகு பேசலாம், முதலில் ஏசியா சோதனை செய்வோம்” என்றார். ஏசியா (ASIA) என்பது அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தின் சுருக்கப் பெயர். உடலில் உணர்வும் தசைப் பலமும் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதும் அவர்களுடைய சோதனை இது. எனக்கு மிகவும் உதவியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் கன்னத்தில் தொட்டு, இயல்பான உணர்வு இதுதான் என்று காட்டுவார்கள். பிறகு தலையின் பின்பக்கம் தொடங்கி, பக்கத்துக்கு 28 இடங்களில் பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டு, “கன்னத்தில் தெரிந்த மாதிரியே இருக்கிறதா, மழுங்கலாக இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா?” என்று கேட்பார்கள். அதற்கு 2, 1, 0 என்று மதிப்பெண். கைகால்களில் பக்கத்துக்கு 10 தசைகளின் பலத்துக்கு 0 முதல் 5 வரை. எனக்குத் தொப்புள் வரை 2 வந்தது. அதற்குக் கீழே வரிசையாகப் பூஜ்யம்.

கடைசியில் ஆசனவாய்ப் பரிசோதனை. கூச்சத்தில் இதை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். காயம் முழுமையானதா, பகுதியா என்பது இங்கேதான் முடிவாகிறது. அங்கே உணர்வும் இல்லை, சுருக்கவும் முடியவில்லை என்றால் ‘ஏ’ நிலை. உணர்வு மட்டும் இருந்தால் பி. அப்படியே போய், எல்லாம் இயல்புக்குத் திரும்பினால் இ.

எனக்கு முதலில் ஏ. சில மாதம் கழித்துச் செய்த சோதனையில் மருத்துவரின் விரல் அழுத்துவது லேசாகத் தெரிந்தது. பி என்று எழுதினார். இடையில் நான் எந்த ஊசியும் போடவில்லை. முதல் ஆண்டில் சிலருக்கு இப்படித் தானாகவே கொஞ்சம் மீளும் என்றார். அந்த மையத்தில் பணம் கட்டியிருந்தால், ஊசியால் வந்த பலன் இது என்று நாங்களே ஊரெல்லாம் சொல்லியிருப்போம். மனதார நம்பியும் இருப்போம்.

உண்மையான ஆய்வுகளும் நடக்கின்றன. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தார் ஐபிஎஸ் செல்களிலிருந்து (உடலின் சாதாரணச் செல்களை மாற்றி ஆய்வகத்தில் உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) நரம்புச் செல்களுக்கான முன்னோடிச் செல்களை உருவாக்கி, அறுவை சிகிச்சை செய்து காயத்திலேயே வைத்தார்கள். முதல் நோயாளிக்கு 2021 டிசம்பரில் செய்தார்கள். மொத்தம் 4 பேர். எல்லாரும் அடிபட்டு 2 முதல் 4 வாரத்துக்குள் இருந்தவர்கள். 2025இல் அறிவித்த முடிவின்படி இருவருக்கு நல்ல முன்னேற்றம், ஒருவரால் தானாக நிற்க முடிந்தது. மற்ற இருவருக்குப் பெரிய மாற்றமில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை 10 பேருக்குச் செலுத்தியதில் 7 பேருக்கு ஏசியா நிலை உயர்ந்ததாக 2024இல் வெளியிட்டார்கள். இரண்டுமே முதன்மையாகப் பாதுகாப்பைச் சோதித்த சிறிய ஆய்வுகள். செல் போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. என் பி கதை தெரிந்த பிறகு, அந்த ஒப்பீடு ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் மூலமாக ஓர் ஆய்வுக்கு விண்ணப்பித்தோம். ஏசியா தாள், எம்.ஆர்.ஐ., படுக்கைப் புண் இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று எல்லாம் கேட்டார்கள். கூடவே, “இதற்கு முன் எங்காவது செல் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா?” என்றும் கேட்டார்கள். எடுத்திருந்தால் சேர்க்க மாட்டார்களாம். பல ஆய்வுகளில் இதே விதிதான். காசு கொடுத்துப் போடும் ஊசி, பின்னால் வரும் நல்ல வாய்ப்பையும் அடைத்துவிடும் என்பதை அந்த மையத்தில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டு அதிக நாளாகிவிட்டது என்று என்னைச் சேர்க்கவில்லை. மனசு விட்டுப்போனது உண்மை. பழைய காயங்களுக்கான ஆய்வு வந்தால் கூப்பிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை மூட்டுகள் இறுகாமல், தோலில் புண் வராமல், சிறுநீரகம் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். நேரம் தவறாமல் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), வீல்சேரில் அடிக்கடி உடலைத் தூக்கி அழுத்தம் குறைப்பது, தினமும் பிசியோதெரபி. அடுத்த ஏசியா சோதனைக்கும் தேதி வாங்கியாயிற்று.