காசிமேட்டுப் பிள்ளை கையில் எந்தப் புத்தகம்?

வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் பிள்ளைகள் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறீர்களா? புதிதாக வந்த படக்கதைப் புத்தகத்தை முதல் சுற்றில் படிக்கக் கூடாது, படங்களை மட்டும் புரட்ட வேண்டும். யார் வேலை செய்கிறார்கள், யார் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், கறுத்த முகம் கதையின் நடுவில் இருக்கிறதா அல்லது கூட்டத்தில் ஒன்றா, அம்மா அடுப்படியைத் தாண்டுகிறாளா. இதற்கு ஐந்து நிமிடம் போதும். கதையைப் படிக்கும்போது சிக்கலை அவிழ்ப்பது யார் என்று கவனியுங்கள். குப்பத்துப் பெண்ணின் கஷ்டத்தை வெளியூரிலிருந்து வந்த டீச்சர் தீர்த்துவைக்கும் கதைகளில் கருணை நிறைய, மரியாதை குறைவு.

மீனவர் என்றாலே கட்டுமரமும் முண்டாசும் வரைந்துவிடுகிறார்கள். காசிமேட்டில் வளரும் பிள்ளை தினம் பார்ப்பது விசைப்படகு, ஃபைபர் போட், ஐஸ் பெட்டி, ஏலத்தில் குரல் உயர்த்தும் பெண்கள். படம் தப்பு என்று முதல் பக்கத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் புத்தகம் சொல்லும் எதையும் நம்பாது.

புத்தகம் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னலாகவும், அதற்குள் நுழையும் கதவாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். ஜன்னல் என்றதும் ஜப்பானையும் ஆப்பிரிக்காவையும் தேடி ஓட வேண்டியதில்லை. ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி கோயில் இருக்கிறது. சௌகார்பேட்டையில் மார்வாடி வீடுகள், வியாசர்பாடிப் பக்கம் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளை நம்பி வந்த ஒடியா, பீகார் குடும்பங்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் வீட்டைக் காட்டும் புத்தகம்தான் கிடைப்பது கஷ்டம்.

கிடைத்தாலும் பெரும்பாலும் பண்டிகைப் புத்தகமாக இருக்கும். ரம்ஜான் வந்தால் மட்டும் பாத்திமா வருவாள். பாத்திமா சைக்கிள் பழகி முட்டியைச் சிராய்த்துக்கொள்ளும் கதை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தலித் பிள்ளைகள் வரும் கதைகளிலும் இதே குறை: அவமானமும் கண்ணீரும் மட்டும். அந்தக் கதைகளும் வேண்டும். ஆனால் அப்படி ஒன்றுக்கு, அதே பிள்ளை விளையாடிச் சிரிக்கும் கதைகள் குறைந்தது இரண்டு அலமாரியில் இருக்க வேண்டும்.

மொழியைச் சோதிக்க இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டினால் அது மொழிபெயர்ப்பின் கோளாறு. பக்கத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கும் தமிழுக்கு ஒத்துவராது. ‘போய்க்கொண்டிருந்தபோது’ கணக்கில் ஒரே சொல், எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கோ அது மலை. வாக்கியத்தின் மிக நீளமான சொல்லைப் பார்த்து வயதை முடிவு செய்வது மேல்.

நூறு புத்தகத்துக்குப் பணம் இருந்தால் எழுபதோடு நிறுத்துங்கள். மூன்று மாதம் கழித்து இரவல் நோட்டைப் பார்த்து மீதி முப்பதை வாங்கலாம். எடுக்கப்படாத புத்தகத்தை உடனே கழிக்க வேண்டாம்; முதுகு தெரிய அடுக்கியதை அட்டை தெரிய நிறுத்தினாலே சில நகர்ந்துவிடும்.

ஒடியாவில் கதை வேண்டுமென்றால் குழந்தைகள் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம் கைகொடுக்கும். ஒரே கதை பல மொழிகளில் இருக்கும், அச்சிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் உள்ள பக்கத்தை விட்டுவிடக் கூடாது. அனுமதியே அந்த நிபந்தனையோடுதான். தாளை நடுவில் மடித்துப் புத்தகமாக்கினால் பதினாறு பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள் போதும். இருபுறமும் அச்சிடும்போது குறுகிய ஓரத்தில் திரும்பும்படி வைக்காவிட்டால் பின்பக்கம் தலைகீழாகும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மாநிற முகங்களெல்லாம் மைத்திட்டாகி, எந்த முகத்துக்காகப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே காணாமல் போகும். கலருக்குப் பணமில்லையென்றால் கோட்டோவியக் கதையாக எடுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து நடுப்பக்கம் கறையாகிவிடும். மூன்று துளையிட்டு, கெட்டி நூலால் தைத்து, முடிச்சை உள்பக்கம் போடுங்கள்.